நூலக்காவும் பழைய பாட்டிலும்

ஈரம் போகத் துடைத்த பீக்கரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய பருத்தித் துணியை உள்ளே விட்டு இரண்டு சுற்று, வெளியே இரண்டு சுற்று, பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை. அடுத்தது. மேசையில் பதினாறு பீக்கர்கள் வரிசையாக நின்றன. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினாறாவதை முடித்தாள். முடித்த கையோடு முதலாவதை எடுத்தாள்.

"அது சுத்தமாத்தானே இருக்கு?" என்றேன்.

"தூசி விழும் அண்ணி."

"இப்பத்தானே துடைச்ச. விழறதுக்கு அதுக்கும் கொஞ்சம் நேரம் குடு."

சிரித்தாள். ஆனால் கை நிற்கவில்லை.

இவள் என் தம்பி மனைவி. வயது ஐம்பத்தைந்து. இந்தப் பள்ளிக்கூடத்தின் கெமிஸ்ட்ரி லேபில் இருபத்தொன்பது வருஷமாக உதவியாளர். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டிய கணவன் லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே ஏத்தி இறக்குறேன், இவளைத்தான் ஒருநாளும் ஏத்த முடியல" என்பான். நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். ஓய்வுக்குப் பிறகு அதே பள்ளிக்கூடத்தில், கீழ்த்தளத்து சிக் ரூமில், வாரம் நான்கு நாள் உட்காருகிறேன். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். லேபில் மாணவர்கள் முன்னால் எதையாவது செய்து காட்டும் நாளில் சிக் ரூம் ஆள் ஒருவர் கண் கழுவும் பாட்டிலோடு அங்கே நிற்க வேண்டும் என்பது பள்ளி விதி. அதனால் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக் கேட்டதல்ல.

பிள்ளைகள் அவளை நூலக்கா என்பார்கள். காரணம், வருஷத்துக்கு ஒருமுறை அவள் செய்யும் வேலை. ஒரு பீக்கரில் தண்ணீர் போன்ற ஒரு மருந்தை ஊற்றுவாள். அதன் மேல், கண்ணாடிக் குச்சியைச் சாய்த்துப் பிடித்து, லேசான இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக வழியவிடுவாள். இரண்டும் கலக்காது, தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி நிற்கும். இரண்டும் தொடும் இடத்தில் பாலாடை போல ஒன்று படியும். அதை இடுக்கியால் நடுவில் பிடித்துத் தூக்கினால் ஆடை நூலாக எழும்பி வரும். இழுக்க இழுக்க வரும். கண்ணாடிக் குச்சியில் சுற்றிக்கொண்டே போகலாம். நைலான். பிள்ளைகள் பேனா, மொபைல் எல்லாவற்றையும் மறந்து வாயைப் பிளக்கும் ஒரே வகுப்பு அதுதான். "அக்கா யாருக்கு நூல் விடுறாங்கன்னு பாரு" என்று பின் பெஞ்சில் எவனாவது சொல்வான். "உனக்கு இல்லடா, நீ பரீட்சையில பாஸாகு, அப்புறம் யோசிப்போம்" என்பாள் இவள், பீக்கரிலிருந்து கண் எடுக்காமல்.

ஊற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாக ஊற்றினால் இரண்டும் கலங்கிக் கட்டியாகிவிடும், நூல் வராது. பாடம் நடத்தும் சார்கள் வருவார்கள், மாறுவார்கள். ஊற்றுவது எப்போதும் இவள்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் தற்காலிக வேலைக்கு வந்தவள். முதல் வருஷமே லேபில் லேபிள் கிழிந்த பாட்டில்களை நெடியை வைத்தே பிரித்துக் கொடுத்தாளாம். எந்தக் குழாயில் கேஸ் கசிகிறது என்று மாடிப்படி ஏறும்போதே சொல்வாள். இன்னொரு பழக்கம், பழையது தீராமல் புதியதைத் திறக்க மாட்டாள். வீட்டில் சோப்பிலிருந்து லேபில் அமிலம் வரை அதுதான் சட்டம்.

நான் மேலே வந்த காரணத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாக அவளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பாட்டில்களில் அவள் ஒட்டும் லேபிள்களில் எழுத்து சிறுத்துக்கொண்டே வந்திருந்தது. பழைய லேபிள்களில் அவரைக்கொட்டை மாதிரி எழுத்து. புதியவற்றில் எறும்பு. நடக்கும்போது வலது கை வீசவில்லை. பஸ்ஸில் எப்போதும் பையைக் கையில் சுற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். கைக்கு வேலை இல்லாத ஒரு நிமிஷத்தை நான் பார்க்கவே இல்லை.

"துணியைக் கீழ வை" என்றேன்.

"ஏன்?"

"வைன்னா வை."

வைத்தாள். வலது கை மேசையில் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக உரச ஆரம்பித்தன, கண்ணுக்குத் தெரியாத மாத்திரையை உருட்டுவது போல. அவள் இடது கையால் அதை அழுத்தினாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம். அவர்கிட்ட சொல்லாதீங்க."

"நான் டாக்டர் இல்ல. ஆனா இந்த மாதிரி கையைப் பார்த்திருக்கேன். நாளைக்கே போவோம்."

"நாளைக்கு நைலான் அண்ணி. பெரிய மேடம் வராங்க, கூட நிர்வாகத்து ஆளுங்க ரெண்டு பேர். சின்ன சாரை நிரந்தரம் பண்றதா வேணாமான்னு பார்க்க வராங்க. அது முடியட்டும்."

"முடிஞ்சா?"

ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். கேட் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பழைய பிசிக்ஸ் லேப்காரர் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் கண்ணாடிகளையும் லென்ஸ்களையும் மயிரிழை பிசகாமல் வைத்த மனிதர். ஒருநாள் வாதம் வந்து கை விழுந்தது. மருத்துவ விடுப்பு முடிந்து வந்தவரைப் பிரின்சிபலான பெரிய மேடம் கேட்டில் உட்காரவைத்தார். உள்ளே வரும் வண்டி நம்பரை எழுதுவதுதான் இப்போது வேலை. இவள் தினமும் கேட்டைத் தாண்டும்போது அவர் பக்கம் பார்க்காமல்தான் வருவாள்.

"இன்னும் மூணு வருஷம்" என்றாள். "மூணே வருஷம் இந்த ரூம்லயே ஓட்டிட்டா போதும். எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்ல. வண்டி நம்பர் எழுதிட்டு உட்கார மாட்டேன்."

அப்போது சின்ன சார் எட்டிப் பார்த்தார். கெமிஸ்ட்ரி ஆசிரியர், முப்பது வயது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா.

"அக்கா, நாளைக்குள்ளதுக்கு ஒரு ட்ரையல் பார்த்துடலாமா?"

"வேணாம் சார். மருந்து வீணாகும். நேரா போட்டுடலாம்."

"இல்ல, எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."

"நான் இருக்கேன்ல."

அவர் போய்விட்டார். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் ஒத்திகை பார்க்காமல் இதைச் செய்ததில்லை. சிறிய பீக்கரில் அஞ்சு மில்லியாவது போட்டு இழுத்துப் பார்ப்பாள். இந்த வருஷம் பார்க்கவில்லை. கை சொதப்புவதை முந்தின நாளே பார்த்துவிட்டால் அடுத்த நாள் நிற்க முடியாது என்ற பயம். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் விட்டுவிட்டேன். மூன்று மாடி ஏறிய முழங்கால் வலி, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. வேலை தெரிந்தவள் செய்யக்கூடாத தப்பு அது.

மறுநாள் மூன்றாவது பீரியட். நாற்பது பிள்ளைகள். முன்வரிசையில் பெரிய மேடமும் நிர்வாகத்து ஆட்கள் இருவரும். நான் சிங்க் பக்கத்தில் பாட்டிலோடு. சின்ன சார் கரும்பலகையில் நன்றாகவே பாடம் நடத்தினார். சின்னச் சின்னக் கண்ணிகள் கைகோத்துச் சங்கிலியாவது எப்படி என்று ஒரு வரிசைப் பிள்ளைகளை எழுப்பிக் கைகோக்க வைத்தார். கோக்க மறுத்த இரண்டு பேரைச் சேர்த்துவைக்கத்தான் நேரமானது.

பிறகு இவள் முறை. கையுறை போட்டுக்கொண்டு மேல் மருந்தை ஊற்றினாள். நான் அவள் கையை மட்டுமே பார்த்தேன். குச்சியில் பட்டு வழிந்த திரவம் ஒரு நூலளவு கூடச் சிதறவில்லை. இந்த வகை நடுக்கம் அப்படித்தான். சும்மா கிடக்கும் கையைத்தான் ஆட்டும். வேலையைக் கொடுத்தால் அடங்கும்.

ஆடை படிந்தது. இடுக்கியால் பிடித்துத் தூக்கினாள். நாலு விரல் உயரம் வந்து, நனைந்த காகிதம் மாதிரி அறுந்து விழுந்தது.

மறுபடி பிடித்தாள். மறுபடி அறுந்தது. 

இரண்டாவது பீக்கர் எடுத்து முதலிலிருந்து போட்டாள். அதே கதை. பின்பெஞ்சில் ஒருவன், "நூல் கட்டாயிடுச்சு" என்றான். சிலர் சிரித்தார்கள்.

பெரிய மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், நீங்க முன்னாடியே செஞ்சு பார்க்கலையா?"

சின்ன சார் இவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "பார்க்கல மேடம்" என்றார். நிர்வாகத்து ஆள் ஒருவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

இவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"சார் பார்க்கலாம்னுதான் சொன்னாரு மேடம். நான்தான் வேணாம்னேன். என் கை நடுங்குது. ஆறு மாசமா. அதான் கலங்கிப் போச்சு. அவர் மேல தப்பு இல்ல."

கையுறையைக் கழற்றி வலது கையை மேசைமேல் சும்மா வைத்தாள். அது ஆடியது. நாற்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதியவர் எழுதியதை அடித்தார்.

"திங்கட்கிழமை என்னை வந்து பாருங்க" என்றார் பெரிய மேடம். கெட்ட மனுஷி அல்ல. கனிவாகத்தான் சொன்னார். "லேப்ல ரிஸ்க் எடுக்க முடியாது. வேற இடம் பார்ப்போம்."

வகுப்பு கலைந்த பிறகு சின்ன சாரோடு சேர்த்து மூன்று பேரும் பீக்கர் கழுவ நின்றோம். எனக்குக் கோபம் அவள் மேல்.

"உன் கை ஆடவே இல்ல" என்றேன். "நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

"ஆடலன்னா ஏன் அறுக்குது?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே தலைகீழ். ஆடியவள் பிசகாமல் ஆடிவிட்டு, தன் காலையே குற்றம் சொல்கிறாள். அப்படியானால் கூடத்தைத்தான் பார்க்க வேண்டும். மேல் மருந்துக்கான பாட்டிலை எடுத்தேன். கால் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து, அவள் சொல்லித்தந்த மாதிரியே தூரத்தில் பிடித்துக் கையால் விசிறினேன். பாட்டிலை அருகில் கொண்டுவந்து மறுபடி விசிறினேன்.

"இது நெடி அடிக்கணுமில்ல? போன வருஷம் நான் சிங்க்கிட்ட நின்னே தும்மினேனே."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இப்ப அடிக்கலையா?"

"உனக்கு அடிச்சுதா?"

"எனக்கு..." என்று நிறுத்தினாள். "எனக்குச் சளி அண்ணி. மூக்கு அடைச்சே இருக்கு. எனக்குத்தான் தெரியலன்னு நினைச்சேன்."

"எத்தனை நாளாச் சளி?"

விரல்விட்டு எண்ணப் போனவள் எண்ணாமல் விட்டாள். "ரெண்டு வருஷம் இருக்கும்."

சின்ன சார் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கழுத்தில் சர்க்கரை பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஈரக்காத்து பட்டிருக்கு. மழைக்காலம் முழுக்க மூடி சரியா இறுகல. இதுல பாதி செத்துப் போச்சு அக்கா." அலமாரியில் சீல் உடைக்காத புதிய பாட்டில் இருந்தது. பழையது தீராததால் திறக்கப்படாத பாட்டில்.

"நான் போய் மேடம்கிட்ட சொல்றேன்" என்றார் அவர். "கை இல்ல, மருந்துதான் காரணம்னு."

"சொல்லி? ஏன் முன்னாடியே பார்க்கலன்னு கேட்பாங்க. மூக்கும் போச்சுன்னு சொல்லணும்." ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒரே நாள்ல எத்தனை உறுப்பைத்தான் ஒப்படைக்கறது சார். போங்க, உங்களுக்கு அடுத்த கிளாஸ் இருக்கு."

சாயங்காலம் வீட்டில் தம்பியிடம் நானே சொன்னேன். கையைப் பற்றியும் மூக்கைப் பற்றியும், சுற்றி வளைக்காமல். கிரீஸ் கறை போகாத விரல்களால் டீ கிளாஸைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பால் தீஞ்சு போறது?" என்றான் கடைசியில்.

"எது?"

"வாரத்துக்கு ரெண்டு நாள் பாலைத் தீயவிட்டு டீ போட்டுக் குடுக்கறியே. ரெண்டு வருஷமா என் மேல ஏதோ கோவம், வாயால சொல்லாம டீயில சொல்றியோன்னு நினைச்சுக் குடிச்சுட்டு இருக்கேன்."

"கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டா எதுக்குன்னு சொல்லிடுவியே. எதுக்கு வம்பு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அவன் கிளாஸை வைத்துவிட்டு மடிக்காமல் கிடந்த துணிகளைத் தன் பக்கம் இழுத்து மடிக்க ஆரம்பித்தான். மோசமாக மடித்தான். அவள் அதைத் திரும்ப மடிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அது முதல் தடவை. அவ்வளவு களைப்பு.

டாக்டரிடம் காட்டாமல் தீர்ப்பு சொல்லக்கூடாது, இருந்தாலும் இரண்டும் மூளை நரம்பில் ஒரே இடத்திலிருந்து வரக்கூடும், கைக்கு முன்னாலேயே மூக்கு போவதுண்டு, மருந்து இருக்கிறது, வேலையை நிறுத்த வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நெடி திரும்ப வருமா அண்ணி?"

"பெரும்பாலும் வராது."

தலையாட்டினாள். பொய் சொல்லித் தேற்றுவது என் வழக்கமல்ல. அவளுக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை முதல் பீரியடை சின்ன சார் கேட்டு வாங்கியிருந்தார். அதே நாற்பது பிள்ளைகள். பெரிய மேடத்தையும் அவரே கூப்பிட்டிருந்தார். நிர்வாகத்து ஆட்கள் வரவில்லை. புதிய பாட்டிலின் சீலை அவரே உடைத்தார். மூடி திறந்ததும் முன்வரிசை மூக்கைப் பொத்தியது. இவள் நெடி வந்ததா என்று அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஊற்றினாள். ஆடை படிந்தது. தூக்கினாள். நூல் எழும்பி வந்தது. அறுபடாமல், ஈரமாய், வெள்ளையாய் வந்துகொண்டே இருந்தது. குச்சியில் சுற்றச் சுற்ற வந்தது. நேற்று கிண்டல் செய்தவனைக் கூப்பிட்டு நுனியைக் கொடுத்தாள், கையுறை போடச் சொல்லி. அவன் நடந்தான். பெஞ்சுகளைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போனான். வெளியிலிருந்து "இன்னும் வருதுக்கா" என்று குரல் கேட்டது.

பெரிய மேடம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வராந்தாவில் கூடிவிட்ட பிறகு அருகில் வந்தார்.

"நடுங்கலையே?"

"வேலை செய்யும்போது நடுங்காது மேடம். சும்மா இருந்தா நடுங்கும்."

"நேத்து மருந்துதான் கெட்டிருந்ததுன்னு சார் சொன்னார். அப்படின்னா நீங்க இங்கயே இருக்கலாமே. டாக்டர் கிட்ட ஒரு சர்ட்டிஃபிகேட் மட்டும் வாங்கிக் குடுங்க."

இதைத்தான் அவள் கேட்டிருந்தாள். மூன்று வருஷம், இந்த ரூம். சின்ன சார் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சரி என்று சொல்லுங்கள் என்பது போல. சொல்ல வேண்டியது அவள்தான்.

"கை பரவாயில்ல மேடம்" என்றாள். "மூக்குதான் வேலை செய்யல. ரெண்டு வருஷமா. கேஸ் கசிஞ்சாலும் எனக்குத் தெரியாது. நாப்பது பிள்ளைங்க இருக்கற ரூம். நெடி தெரியாதவ கையில இந்த ரூம் சாவி இருக்கக் கூடாது."

மேடம் ஜன்னல் வழியே கீழே கேட்டைப் பார்த்தார். "கேட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்" என்றார்.

"எங்க அனுப்பினாலும் சரி. வருஷத்துக்கு ஒருநாள் இதுக்கு மட்டும் கூப்பிடுங்க. பாட்டிலை வேற யாராவது திறந்து பார்க்கட்டும். நான் ஊத்திக் குடுக்கறேன்."

அந்தப் பேச்சு அதோடு நின்றது. என்ன முடிவானது என்று அன்றைக்குத் தெரியாது. மிச்சமிருந்த மருந்தை நன்றாகக் கிளறி, கட்டியாக்கி, கழிவு டப்பாவில் போட்டாள். பழைய பாட்டிலைக் கொட்டாமல் தனியே எடுத்துவைத்து, எப்படி அழிக்க வேண்டும் என்று சின்ன சாரிடம் சொன்னாள். கேஸ் மெயின் வால்வை மூடி, மூடியதைச் சின்ன சாரை ஒருமுறை திருகிப் பார்க்கச் சொன்னாள். சாவிக் கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

நான் ஏற்கெனவே போன் செய்து டாக்டரிடம் பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். படி இறங்கும்போது இரண்டாவது மாடியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினோம், இரண்டு பேருமே. கேட்டில் பழைய பிசிக்ஸ் லேப்காரரிடம், "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று அவள் கேட்டாள். அவர் எழுந்து நின்று, "ஆச்சும்மா, இந்நேரத்துல எங்க?" என்றார். "ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.